நடுக்குவாதத்திற்கு மாற்றுத் திசு: மார்க்கத்தில் கூடுமா?

 

“அத்தாவுக்கு நடுக்குவாதம். தண்ணீர்க் குவளையைப் பிடிக்கவும் கை நிற்பதில்லை. மூளையில் வேறு திசுவை வைத்துக் குணப்படுத்தலாம் என்கிறார்கள். கூடுமா ஹஜ்ரத்?” என்று இளையாத்தங்குடியில் ஒரு சகோதரர் கேட்டார். பல வீடுகளுக்குப் பயன்படும் கேள்வி என்பதால் இங்கே விடை தருகிறோம்.

மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். முதுமை நீங்கலாக, ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். எனவே சிகிச்சை தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

பார்க்கின்சன் எனப்படும் இந்நோயில், மூளையில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. அவற்றுக்கு ஈடாக, 1982-ல் சுவீடனில் நோயாளியின் சொந்த அட்ரினல் சுரப்பித் திசுவை மூளையில் வைத்துப் பார்த்தார்கள். 1987-ல் அந்நாட்டிலேயே, கலைக்கப்பட்ட கருவின் மூளைத் திசுவை வைத்தார்கள். இங்கேதான் மார்க்கக் கேள்வி பிறந்தது.

ஹிஜ்ரி 1410 ஷஃபானில் (மார்ச் 1990) ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்து தீர்ப்பளித்தது. நோயாளியின் சொந்த அட்ரினல் திசுவை எடுப்பது கூடும். உயிருள்ள சிசுவைக் கருப்பையிலிருந்து அறுத்தெடுத்துத் திசு கொள்வது ஹராம். தானாகக் கலைந்த கரு, தாயின் உயிரைக் காக்க மார்க்கம் அனுமதித்த முறையில் கலைந்த கரு ஆகியவற்றுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. சோதனைச்சாலையில் வளர்த்த அணுக்களுக்கு, அவற்றின் மூலம் ஆகுமானதாக இருந்தால் தடையில்லை.

காரணம் தெளிவு. ஒருவரின் துன்பத்தை இன்னொருவருக்குத் தீங்கிழைத்து நீக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. பெற்ற தகப்பனின் கை நடுக்கம் நிற்க, வாய் பேசாத ஒரு சிசுவின் உயிரை விலையாகக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

அந்த நெருக்கடியும் இன்று தளர்ந்து வருகிறது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2018-ல் தொடங்கிய ஆய்வில், வளர்ந்த மனிதரின் இரத்த அணுக்களிலிருந்து உருவாக்கிய அணுக்களை 7 நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். 2025-ல் வெளியான முடிவின்படி கடுமையான பாதிப்பு எதுவும் நேரவில்லை. பலன் அளந்து பார்க்கப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு அசைவு சீரானது.

ஆனால் எச்சரிக்கை! 7 பேரைக் கொண்டு ஊருக்கெல்லாம் முடிவு கட்ட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில், சில இரத்த நோய்கள் போன்றவை தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை ஆய்வுக்கு வெளியே அனுமதிக்கப்படவில்லை. விளம்பரத்தை நம்பி வீட்டை விற்றுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, லெவோடோபா போன்ற மருந்துகளை நேரம் தவறாமல் கொடுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழட்டும். ஒளுச் செய்ய நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தப் பணிவிடைக்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.