கழுத்துக் கயிறு

திருப்பனந்தாள் செஞ்சடையப்பர் கோயிலுக்கு வருகிறவர்களின் காதில் முதலில் விழுவது லிங்கம் சாய்ந்த கதை. தாடகை என்ற பெண் மாலை சாத்தக் கையைத் தூக்கியபோது மேலாடை நழுவியது. ஆடையை முழங்கையால் இடுக்கிக்கொண்டு அவள் தவிக்க, சுவாமியே தலையைச் சாய்த்து மாலையை ஏற்றுக்கொண்டார். பிற்பாடு அரசன் ஒருவன் அந்தச் சாய்வை நேராக்க யானைகளைப் பூட்டி இழுத்தும் லிங்கம் அசையவில்லை. குங்கிலியக் கலய நாயனார் வந்து, கயிற்றின் ஒரு முனையைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுத்தார். நிமிர்ந்தது.

யானையால் ஆகாததை ஒரு மனிதக் கழுத்து செய்து முடிக்கும் கதை என்றால் நமக்கு ஆசை அதிகம். மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போதும் அதே ஆசைதான் ‘சேவை’, ‘தியாகம்’ என்ற சொற்களாக வெளிவருகிறது. கலயர் கயிற்றைத் தாமே கட்டிக்கொண்டார் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை. இன்னொருவர் கழுத்தில் அதைக் கட்டிவிட்டுப் பக்தி என்று பாராட்ட ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டா?

தமிழக அரசின் சுகாதாரத் துறையைப் போலப் பெரிய மருத்துவ நிறுவனம் இந்தப் பக்கத்தில் வேறில்லை. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கண்ட மாகாணம் இது. 1994-ல் மருந்து வாங்குவதற்கென்றே அரசு தனிக் கழகம் அமைத்தது. இத்தனை பெரிய அமைப்பின் கடைசி நுனியில், ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியரும் இருக்கிறார்கள். ஊருக்கு அவர் ‘நர்சம்மா’.

குறுவை நடவு நேரத்தில் கொள்ளிடக் கரை ஊர்களில் பகல் பத்து மணிக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கிழவிதான் எட்டிப் பார்ப்பாள். நாலு மாதக் கர்ப்பிணி வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருப்பாள். அவள் கூலியைக் கெடுக்காமல் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றால் விடியுமுன் போக வேண்டும், அல்லது வரப்பிலேயே உட்கார்த்திப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் விடுபவள் யார், மாமியாருக்குப் பயந்து கர்ப்பத்தை மறைப்பவள் யார் என்பதும் நர்சம்மாவுக்குத் தெரியும். துறைக்குத் தெரிவது கர்ப்பிணியைப் பதிவு செய்யும் பிக்மி நம்பர் போட்டாகிவிட்டதா, புதன்கிழமைத் தடுப்பூசிக் கணக்கு ஏறியதா என்பது மட்டும். கணக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. கணக்கு இல்லாவிட்டால் விடுபட்ட குழந்தை விடுபட்டே போகும். ஆனால் அந்த விடியற்கால நடைக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத உழைப்புக்குச் சம்பளமும் இல்லை. இருக்கிற உழைப்புக்காவது ஒழுங்காக உண்டா என்றால், அதிலும் கதை இருக்கிறது.

2015-ல் பல ஆயிரம் செவிலியர் தேர்வெழுதி, மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் வரும் என்பது எதிர்பார்ப்பு. வராததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பணிக்குத் திரும்பும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2003-ல் தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்த வழக்கில், வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அற நியாயமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

முதல் இரண்டையும் நீதிமன்றம் தீர்மானிக்கலாம். மூன்றாவதைப் பற்றி யோசிக்க இடமிருக்கிறது.

நோயாளி என்ன பாவம் செய்தார் என்ற கேள்வி வெறும் சாக்கு அல்ல. இரவு இரண்டு மணிக்கு வலியெடுத்தவளுக்கு ஊதியக் கோரிக்கை புரிய வேண்டிய அவசியம் இல்லை. அரசின் கணக்கையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒப்பந்த முறையில் மூன்று செவிலியரைப் போட்டுத்தான் ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கின. அதே பணத்தில் நிரந்தரப் பணியிடம் ஒன்றுதான் கிடைத்திருக்கும் என்றால், கூலிக்காரப் பெண் கும்பகோணம் வரை ஓட வேண்டியிருந்திருக்கும். அவளுக்குக் கிடைத்தது உண்மையான நன்மை. அந்த நன்மைக்கு விலை கொடுத்தவளும் அவளைப் போலவே ஒரு விவசாயக் கூலி வீட்டில், கடன் வாங்கி நர்சிங் படித்த பெண்ணாக இருக்கலாம் என்பதுதான் உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது ஒன்றுண்டு. நோயாளியை விட்டு எழுந்துபோக மனம் வராதவள் பேரம் பேசத் தெரியாதவள் ஆகிவிடுகிறாள். மனசாட்சி எவ்வளவு நல்லதோ அவ்வளவு மலிவாக அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அவளுடைய நல்ல குணத்தின் மேல் சிக்கனம் பண்ணிக்கொண்டு, வெளியே வந்து கேட்டால் அதே குணத்தைக் காட்டி அவளைக் குற்றம் சொல்வது நேர்மையான வழக்காகத் தெரியவில்லை.

சொற்களும் இதற்கு உடந்தை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அருமையான திட்டம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்ணுக்குப் பெயர் ‘தன்னார்வலர்’. தொடக்கத்தில் அவருக்கு மாதம் 4,500 ரூபாய், நாளுக்கு 150. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 273. முழுநாள் வேலை இல்லையே என்று பதில் சொல்லலாம். முழுநாள் வேலை இல்லாதவர் கையில் ஒரு கிராமத்தின் ரத்தக் கொதிப்பை ஒப்படைப்பானேன் என்று திருப்பியும் கேட்கலாம்.

கலயர் கதையில் சொற்பொழிவாளர்கள் சட்டென்று கடந்துபோகும் ஒரு இடம் உண்டு. வறுமை முற்றிய நாளில் மனைவி தாலியைக் கழற்றி நெல் வாங்கி வரக் கொடுக்கிறாள். அவரோ குங்கிலியம் வாங்கிக் கோயிலுக்குக் கொண்டு போய்விடுகிறார். அன்றிரவு அவளும் பிள்ளைகளும் பசியோடு படுத்தார்கள். கழுத்து அவருடையது, பசி வீட்டாருடையது. அந்த வீட்டில் விடிவதற்குள் சுவாமி நெல்லையும் பொன்னையும் குவித்து வைத்தார்.

கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்த நாட்களில் எல்லோரும் ‘முன்களப் பணியாளர்’ என்றார்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்கள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. மறுநாள் புத்தாண்டு.