வராத விளையாட்டும் வாங்கிய பணமும்

ஒரு பொருள் உருவாவதற்கு முன்பே, அதை விரும்பும் பலரிடம் இணையத்தின் வழியே சிறு தொகைகளைத் திரட்டி, அந்தப் பணத்தைக் கொண்டே அதை உருவாக்குவது கூட்டுநிதி முறை எனப்படுகிறது. இதில் பணம் தருபவர் கடையில் வாங்கியவரும் அல்லர், இலாபத்தில் பங்குடைய முதலீட்டாளரும் அல்லர், எதையும் எதிர்பாராத கொடையாளரும் அல்லர். எனவே அறிவித்த விளையாட்டு வந்து சேராதபோது அவர் எந்த உரிமையின் பேரில் கேள்வி கேட்பது என்பதில் தொடங்குகிறது சிக்கல்.

அமெரிக்காவில் 2012இல் 'தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்ற பலகை விளையாட்டுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35,000 டாலர் கேட்கப்பட, 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் தந்தனர். அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. நுகர்வோரை ஏய்க்கும் வணிகத்தை விசாரிக்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், அந்தப் பணம் வீட்டு வாடகைக்கும் வேறொரு திட்டத்துக்கும் போனதாகக் குற்றஞ்சாட்டியது. 2015இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி விதிக்கப்பட்ட 1,11,000 டாலருக்கு மேலான தொகையும், செலுத்த வசதியில்லை என்பதால் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்குக்குத் தொடர்பில்லாத கிரிப்டோசோயிக் என்ற பதிப்பகமே விளையாட்டை வெளியிட்டு, பணம் தந்தவர்களுக்கு விலையின்றிக் கொடுத்தது.

அச்சுச் செலவைக் குறைத்து மதிப்பிட்டவரையும் அனுபவமின்மையால் தோற்றவரையும் தண்டித்தால், சொந்தப் பணம் உள்ளவர் மட்டுமே புதிதாக எதையும் முயல்வர். வாடகை கொடுத்ததைக்கூடத் தன்னளவில் குற்றமென்று சொல்லிவிட முடியாது. முழுநேரமும் விளையாட்டை உருவாக்குபவருக்கும் குடியிருக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் தம் வாழ்க்கைச் செலவும் இதில் அடங்கும் என்று முன்னரே அறிவித்திருந்தால் நேர்மையான செலவாகியிருக்கக் கூடியது, பணமெல்லாம் விளையாட்டுக்கே என்று சொல்லி வாங்கிய பின் நம்பிக்கைத் துரோகமாகிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் சீட்டுக்கட்டுத் திட்டம் ஒன்றின் மீது 2015இல் வந்த தீர்ப்பில், அம்மாநிலத்தைச் சேர்ந்த 31 பேருக்குத் திருப்பித் தர வேண்டியது 668 டாலர். அபராதமோ 31,000 டாலர். இழந்தவருக்கு ஈடு செய்வதைவிட ஏய்த்தவரைத் தண்டிப்பதே சட்டத்துக்கு எளிது போலும்.

பொருளைத் தர இயலாதவர், பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதை விளக்க வேண்டும் என்கிறது கிக்ஸ்டார்ட்டரின் விதி. ஆனால் வெற்றிகரமாகத் திரண்ட தொகையில் ஐந்து விழுக்காட்டைக் கட்டணமாகப் பெறும் அத்தளம், திட்டம் நிறைவேறுமென உறுதியளிப்பதில்லை. தோற்றதற்காக எவரையும் வழக்குக்கு இழுக்காமல், கணக்குக் காட்ட மறுப்பதை மட்டும் தண்டனைக்குரியதாக்குவதே நியாயமான சட்டமாகும்.