குறை எங்கே, குற்றவாளி யார்?

வேலூர் லாங் பஜாரில் கணிப்பொறி இல்லாத பெரிய கடையைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. சரக்குக் கணக்கு, கடன் கணக்கு, வரிக் கணக்கு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிட்டன. வியாபாரம் சூடுபிடிக்கும் காலை வேளையில் அப்பொறி திடீரென இயங்க மறுத்தால், கடையில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ‘யார் தொட்டது?’ என்பதாகவே இருக்கும். குறை எங்கே என்ற கேள்வி அதற்குப் பின்னரே வருகிறது. முதற் கேள்விக்கு விடையாக அகப்படுபவனும் பெரும்பாலும் ஒருவனே: மாதச் சம்பளத்தை நம்பி வாழும், எதிர்த்துப் பேச இயலாத, பில் போடும் இளைஞன். பழுதைக் கண்டறியுமுன்பே பழியைச் சுமத்தும் இவ்வழக்கம் நேர்மையானதுதானா என்பதை நாம் சற்று ஆய்ந்து பார்ப்பது நன்று.

பழுது பார்ப்போர் வேறு வழியைக் கையாள்கின்றனர். பொறியை வழக்கம்போல் எழுப்பாமல், ‘சேஃப் மோட்’ எனப்படும் காப்பு நிலையில் எழுப்புகின்றனர். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இவ்வசதியுடனேயே வந்தது. அந்நாளில் பொறி தொடங்கும் தறுவாயில் எஃப் 8 விசையை அழுத்துவார்கள். இன்றைய விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, தொடர்ந்து வரும் பட்டியல்களின் வழியே சென்று 4ஆம் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது திரை கறுத்து, அதன் மூலைகளில் ‘சேஃப் மோட்’ என்ற எழுத்துகள் மட்டும் தோன்றும். ஒலி இராது, இணையம் இராது. பொறி உயிர்வாழ இன்றியமையாதவை எவையோ அவை மட்டுமே இயங்கும். பின்னாளில் நாம் சேர்த்த மென்பொருள்கள் யாவும் வெளியே நிறுத்தப்படும்.

இந்நிலை எதையும் தானாகக் குணப்படுத்துவதில்லை. குறையைக் காண்பதற்கு வழிவிடுகிறது, அவ்வளவே. காப்பு நிலையில் கோளாறு மறைந்துவிட்டால், அடித்தளம் பெரும்பாலும் நன்றாகவே உள்ளது, சேர்க்கப்பட்டவற்றுள் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது என்று கொள்ளலாம். பின்னர் அவற்றுள் பாதியை மட்டும் உள்ளே விட்டுச் சோதிப்பர். அடுத்து அப்பாதியின் பாதியை. குறை ஒன்றே எனில், 16 மென்பொருள்களுள் அதனைக் கண்டறிய இம்முறையில் நான்கு சோதனைகள் போதும். கோளாறு காப்பு நிலையிலும் நீடித்தால், அடித்தளத்தையோ பொறியின் உறுப்புகளையோ ஆராய வேண்டும்.

இதில் ஓர் அறம் பொதிந்துள்ளதை நாம் கவனிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவை அனைத்தும் ஒரே அளவில் ஐயத்துக்கு உட்படுகின்றன. விலை உயர்ந்தது என்பதற்காக ஒன்று தப்புவதில்லை. எளியது என்பதற்காக மற்றொன்று முதலில் பலியாவதும் இல்லை. சோதனைக்கு முன் தீர்ப்பு வழங்கப்படுவதில்லை.

இச்சமநோக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் உலகம் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், கணிப்பொறிகளை ஊடுருவலினின்று காக்கும் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. இந்திய நேரப்படி காலை 9.39க்குச் சென்ற அக்கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி வீழ்ந்தன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த ஓரிடத்தில் 20 மட்டுமே தரப்பட்டிருந்தன. அத்துணைச் சிறிய பிழை அது! இந்திய விமான நிலையங்களில் பயணிகள் கையால் எழுதிய போர்டிங் பாஸ் பெற்றுச் சென்றனர். வீழ்ந்த பொறிகளுள் மிகப் பலவற்றை ஒருவர் நேரில் அணுகி, காப்பு நிலையில் எழுப்பி, அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

வீட்டை இருளாக்கியது கள்வன் அல்லன், காவலாளி. யாரை நாம் ஐயத்துக்கு அப்பாற்பட்டவராக வைத்திருக்கிறோமோ அவரிடமே குறை இருக்கக் கூடும். குடும்பத்தில் மூத்தவர், கடையில் முதலாளி, சங்கத்தில் தலைவர் ஆகியோரும் இந்த உண்மைக்கு விலக்கல்லர். நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யப் பழக்கப்பட்ட நமக்கு இது புதிய பாடமன்று. அச்சோதனையில் முதலில் நிறுத்தப்படுபவர் நாமே அன்றோ?

நம் பகுதியின் தொழிலிலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலைத் தரம் பிரிப்போர், நிறப்பூச்சு ஏறுமுன்பே அதனை ஒளியில் விரித்துப் பார்க்கின்றனர். உண்ணிக் கடியும் முட்கீறலும் அப்போதுதான் தெரியும். பூச்சு ஏறியபின் அவை மறைந்துவிடலாம். தோலை விட்டு அகலுவதில்லை. மனிதரும் பதவி, புகழ், பரபரப்பு ஆகிய பூச்சுகளைச் சற்றே விலக்கி நின்றால்தான் தம் வடுக்களைத் தாமே காண இயலும்.

எனினும் மனிதர் கணிப்பொறியல்லர் என்பதையும் நாம் மறத்தலாகாது. வெளியே நிறுத்தப்பட்ட மென்பொருள் குற்றமற்றதெனத் தெரிந்ததும், எவ்விதக் கறையுமின்றித் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஐயத்துக்கு உள்ளான இளைஞன் அவ்வாறு திரும்புவதில்லை. கடையில் நான்கு பேர் முன்னிலையில் அவன் மீது விழுந்த பார்வை, குறை வேறிடத்தில் இருந்ததாகத் தெரிந்த பின்னரும் அவனைத் தொடர்கிறது. அவனைக் கடிந்துகொண்டவர் பொறி சரியானதும் வியாபாரத்தில் மூழ்கிவிடுகிறார். ‘உன்மேல் தவறில்லை, தம்பி’ என்ற ஒரு சொல் சொல்லப்படாமலே போய்விடுகிறது.

ஆதலின் நம் கடமை பழுதுபார்ப்பவரின் கடமையினும் பெரிது. ஐயம் எழும்போது அனைவரையும், நம்மையும் சேர்த்தே, ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். உண்மை தெரியும்வரை நாவை அடக்கல் வேண்டும். தவறில்லாதவர் எவர் எனத் தெரிந்தபின், பழி எத்தனை பேர் முன்னிலையில் சுமத்தப்பட்டதோ அத்தனை பேர் முன்னிலையிலேயே அதனை இறக்கி வைத்தல் வேண்டும். குறையைக் கண்டுபிடித்ததோடு நம் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவோமாயின், பொறி மட்டுமே சீராகியிருக்கும். மனிதருக்குச் செய்த அநீதி அப்படியே நின்றிருக்கும்.