மூன்றாம் பரிசு

கம்பம் பள்ளத்தாக்கில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பேச்சுப் போட்டி. நடுவர்களில் நானும் ஒருவன். தலைப்பு, முல்லைப் பெரியாறு.

இந்த மண்ணில் அதற்கு மறுபேச்சு கிடையாது. 1895-ல் கட்டி முடித்த அணை. அந்தத் தண்ணீரில்தான் இங்கே இருபோக நெல் விளைகிறது. கட்டிய பென்னி குயிக் படம் பல வீடுகளில் சாமி படங்களோடு தொங்குகிறது. அணை பலமாக இருக்கிறது, 142 அடி தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒரு மாணவி பேசினார். கணீர்க் குரல். வரிக்கு வரி விசில்.

அடுத்து ஒரு பையன். நம் நியாயங்களை வரிசையாக அடுக்கியவன், சட்டென்று நிறுத்தினான். "அணைக்குக் கீழ வண்டிப்பெரியாறுல இருக்கற ஜனங்களுக்கு மழைக்காலத்துல தூக்கம் வரலைன்னா, அந்தப் பயமும் நெசந்தானே? அவங்களுக்கு நாம என்ன பதில் சொல்லப் போறோம்?"

அரங்கமே கப்சிப். பின்வரிசையிலிருந்து, "உக்காருப்பா!"

அவன் உட்காரவில்லை. 1979-க்குப் பிறகு அணையை எப்படிப் பலப்படுத்தினார்கள், மேலே கான்கிரீட் போட்டது, இரும்புக் கம்பிவடங்களை இறக்கி அடிப்பாறையோடு பிணைத்தது, பின்பக்கம் முட்டுக் கொடுத்தது என்று, எதிரே ஒரு இடுக்கி விவசாயி உட்கார்ந்திருப்பது போலப் பொறுமையாக விளக்கினான். கைதட்டல் இல்லை.

மதிப்பெண் தாளில் 'அவையைக் கவர்தல்' என்று ஒரு கட்டம். அதில் நான் அவனுக்கு மார்க்கைக் குறைத்தேன். மாணவிக்கு முதல் பரிசு. அவனுக்கு மூன்றாவது.

வாசலில் வந்து கேட்டான். "எங்க சார் தப்புப் பண்ணேன்?"

"அவையோட மனசறிஞ்சு பேசணும் தம்பி."

"அவங்க ஏற்கெனவே நம்ம பக்கந்தானே சார்? அவங்களை எதுக்கு மாத்தணும்?"

என்னிடம் பதில் இல்லை.

நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் எழுதி, செலவை விட்டுவிட்ட நோட்டில் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது. ஆனாலும் அது பொய்க்கணக்கு. அந்த மாணவியும் பொய் சொல்லவில்லை. எதிராளியின் பயத்துக்கு ஒரு வரி எழுதவில்லை, அவ்வளவுதான். அதற்குத்தான் நான் கோப்பை கொடுத்தேன்.

சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர், கேட்பவரைக் கட்டிப்போட்டால் மட்டும் போதும் என்று விடவில்லை. கேளாதவரும் விரும்ப வேண்டும் என்கிறார். அந்தக் 'கேளாதவர்' பகைவர்தான் என்று பரிமேலழகர் உரை எழுதினார். நம் போட்டிகளில் அந்தக் கட்டத்தைக் காணோம்!

கோர்ட் தீர்ப்பு அணையின் உயரத்தைச் சொல்லும். பக்கத்து ஊர்க்காரனின் பயத்தைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அதற்குப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளையை நான் மூன்றாவதாக நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொரு முறை நடுவராகக் கூப்பிட்டால், மார்க் போடுமுன் ஒன்றே ஒன்று பார்ப்பேன். இதே பேச்சைக் குமுளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேச முடியுமா?