வேண்டாம் என்று சொன்ன சகோதரி

அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே ரொக்கத்தோடு வாக்கும் கை மாறும். "ஆட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள் பாய், அடுத்த சந்தைக்குப் பணம் தாருங்கள்" என்பார்கள். பத்திரம் கிடையாது, சாட்சியும் கிடையாது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தால் அதுவே பெரிது. அப்படி வியாபாரம் செய்த ஒருவர் திடீரென்று மவுத்தாகிவிட்டால் அவருடைய கணக்கு என்னவாகும்?

அந்தப் பக்கத்தில் நமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் இது நேர்ந்தது. மனைவி, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள். பெரியவரின் பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். வீடு தாயாரின் பெயரில் இருந்தது. பெரியவர் விட்டுச் சென்றது 4 ஏக்கர் 80 சென்ட் நிலமும், மேலே சொன்ன நோட்டும்தான். பிள்ளைகள் இருவரும் தொழுகையாளிகள், நல்லவர்கள். மூத்தவர் நம்மிடம் வந்து, "அத்தாவுடைய காரியத்தை மார்க்க முறைப்படி முடித்துவிட்டோம். தங்கச்சிகள் இரண்டு பேரும் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடுதலைப் பத்திரம் எழுதியாகிவிட்டது. நீங்கள் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்" என்றார். நமக்குப் பேனா ஓடவில்லை.

முதலில் நோட்டைக் கேட்டோம். அதில் இருந்த பெயர்களில் பாதிப் பேருக்குத்தான் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. மற்றவர்கள் கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று விட்டு வைத்திருந்தார்கள். கடன் பட்டு மவுத்தான ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றதையும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழ வைத்ததையும் ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டே நாற்பதாம் நாள் பிரியாணிக்கு அண்டா தேடப் போய்விடுகிறோம். அண்டா தேடும் வேகத்தில் கால்வாசி, நோட்டில் உள்ள பெயர்களைத் தேடுவதில் இருந்தால் போதும்.

ஹிஜ்ரி 36-ல் ஜமல் போரின்போது ஷஹீதான ஸுபைர் (ரலி) அவர்களின் வரலாறு புகாரி ஷரீஃபில் இருக்கிறது. மக்கள் அவரிடம் பணத்தை அமானத்தாக வைக்க வருவார்கள். அவரோ, "அமானத்தாக வேண்டாம், கடனாகத் தாருங்கள்" என்பார். தொலைந்து போனாலும் கொடுத்தவருக்கு நஷ்டம் வந்துவிடக்கூடாதே என்ற பயம். இப்படிச் சேர்ந்த கடன் அக்காலத்துக் காசில் 22 லட்சம். மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் தந்தையின் நிலத்தை விற்று அத்தனையையும் அடைத்தார்கள். அதன் பிறகு உடன்பிறந்தவர்கள், "எங்கள் பங்கைப் பிரித்துக் கொடு" என்றார்கள். கடன் தீர்ந்துவிட்டதே, பிரித்திருக்கலாம் அல்லவா? அவர்கள் பிரிக்கவில்லை. "ஸுபைர் மீது யாருக்கேனும் கடன் பாக்கி இருந்தால் வாருங்கள்" என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு. கடன்காரன் கேட்டு வரட்டும் என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கடன்காரர்கள் கூடும் இடத்தைத் தேடித் தாமே போனார்கள். அய்யலூர்க்காரருக்கு அந்த இடம் வியாழக்கிழமைச் சந்தை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் மறுக்கவில்லை.

அடுத்ததுதான் கடினமான விஷயம். "நாங்கள் கேட்டோம், அவர்கள் வேண்டாம் என்றார்கள். இதில் எங்கள் குற்றம் என்ன?" என்று இளையவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கூடவே, ஒவ்வொருத்திக்கும் நகையும் சீரும் செய்து கட்டிக் கொடுத்ததையும் சொன்னார். சீருக்குப் பதில் எளிது. அத்தா இவர்களைப் படிக்க வைத்தார், ஒருவரை விசாவுக்குப் பணம் கட்டி வளைகுடாவுக்கு அனுப்பினார். அந்தச் செலவை எவரும் இவர்கள் பங்கில் கழிப்பதில்லை. பெண்ணுக்குச் செய்ததற்கு மட்டும் கணக்கு எழுதுவது எந்த மார்க்கம்?

ஆனால் "வேண்டாம்" என்ற சொல் அவ்வளவு எளிதல்ல. அந்தச் சொல்லுக்கு முன் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். நிலம் 480 சென்ட். தாயாருக்கு எட்டில் ஒன்று, 60 சென்ட். மீதி 420-ல் ஆண் மக்களுக்குத் தலா 140, பெண் மக்களுக்குத் தலா 70. இந்தக் கணக்கை எவரும் அந்தச் சகோதரிகளிடம் சொல்லவில்லை. "காட்டில் பொம்பளைக்கு ஏது பங்கு?" என்றே அவர்கள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் சட்டத்திலும் இடம் இருந்தது உண்மை. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணத்தில் 1949-ல் திருத்தம் வந்து, விவசாய நிலமும் ஷரீஅத்துக்குள் வந்துவிட்டது. சட்டம் திருந்திவிட்டது, வீட்டுப் பேச்சு திருந்தவில்லை.

தெரியாதது ஒன்று என்றால், பயம் இன்னொன்று. பங்கு கேட்டால் நாளைக்கு மாமியார் வீட்டில் ஒரு வார்த்தை வந்தபோது திரும்பி வரத் தாய்வீடு இருக்குமா? பெருநாளைக்கு அண்ணன் வந்து அழைப்பாரா? இந்தக் கேள்விகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பத்திரத்தில் "மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்று எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறாள். பங்கு போகட்டும், அண்ணன் இருக்கட்டும் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். அண்ணனுடைய பாசம் அவளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது அல்லவா? அதற்கு 70 சென்ட் விலை வைத்தது யார்?

அப்படியானால் மெய்யாகவே மனம் உவந்து விட்டுக்கொடுக்கும் சகோதரிகள் இல்லையா? உண்டு. அது அவர்களுடைய ஹக். கொடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. எது உவப்பு, எது கூச்சம் என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முதலில் கையில் கொடுத்துவிட வேண்டும். மஹரைப் பற்றி சூரத்துந் நிஸாவின் நான்காம் வசனம் காட்டும் ஒழுங்கும் அதுதானே! மஹரை மனைவியரிடம் கொடுத்துவிடுங்கள் என்பது முதலில்; அவர்களாக மனம் உவந்து அதில் எதையேனும் விட்டுத்தந்தால் அனுபவிக்கலாம் என்பது பிறகு. ஒரு வாரிசு பாகத்திலிருந்து விலகிக்கொள்வதற்கு ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் "தகாருஜ்" என்று ஒரு முறை இருக்கிறது. அதற்கு அவை காட்டும் முன்மாதிரி அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் மனைவி துமாளிர் அவர்கள். அந்த அம்மையார் வெறுங்கையோடு விலகவில்லை. பெருந்தொகை பெற்றுக்கொண்டு விலகினார்கள்.

பாகப் பிரிவினை வசனம் இறங்கிய சம்பவத்தையும் இளையவருக்கு நினைவூட்டினோம். உஹதில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகத்திடம் வந்து முறையிட்டார். வசனம் இறங்கியதும் குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மீதிதான் அந்தச் சகோதரருக்கு என்று தீர்ப்பானது. நம் வீட்டுச் சகோதரிகளுக்காக முறையிட அப்படி ஒரு தாய் எழுந்திருப்பதில்லை. நம் தாய்மார்களும் "ஆம்பளைப் பிள்ளைகள் பாடு பார்க்கட்டும்" என்றுதான் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் அரை மனதோடுதான் எழுந்து போனார்கள் என்று எண்ணினோம். ஆனால் மூத்தவர் ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து வியாழக்கிழமைகள் சந்தைக்குப் போய், அத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். நோட்டில் இல்லாத இருவர் வந்தார்கள். கொடுக்க வேண்டிய ஒருவரும் தாமாக வந்து பணம் கொடுத்துவிட்டுப் போனாராம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நில அளவையரை வைத்து அளந்து, வரைபடத்தில் தாயார், தம்பி, தங்கைகள் எல்லோருடைய பங்கையும் குறித்து, இரண்டு சகோதரிகளின் கையிலும் ஆளுக்கொரு நகல் கொடுத்தார்கள். "இது உன்னுடையது. வைத்துக்கொண்டாலும் சரி, விற்றாலும் சரி, பெருநாளைக்கு வண்டி உன் வீட்டு வாசலுக்கு வரும்" என்று மூத்தவர் சொன்னபோது நாமும் அங்கே இருந்தோம்.

மூத்த சகோதரி பத்து நாள் கழித்து, தம்பிக்குக் கடன் இருப்பதால் தன் பங்கில் பாதியை அவருக்கு எழுதி வைக்கும்படி சொல்லியனுப்பினார். இளையவள்தான் முதலில் சிரித்துக்கொண்டே "எனக்கு எதுக்கண்ணே?" என்று கையெழுத்துப் போட்டவள். அவள் அடுத்த வாரமே தனியாகப் பஸ் ஏறி வந்து, காட்டுக்குப் போய், எழுபது சென்ட்டின் நாலு மூலையிலும் கல் நடச் சொல்லி, நட்டு முடிக்கும் வரை வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள்.