நஸீஹத்தும் ஃபளீஹத்தும்

பள்ளிவாசல் திண்ணையிலும் ஹவுளுக் கரையிலும் பத்துப் பேர் கூடிப் பேசிய பேச்சு, இன்று உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ‘வாட்ஸ்அப்’ குழு ஒன்றில் 1024 பேர் வரை சேரலாம் என 2022-ஆம் ஆண்டில் எல்லை விரிக்கப்பட்டது. ஊரில் இருப்போரும் கடல் கடந்து பிழைப்போரும் மூத்தோரும் மாணவரும் ஒரே மஜ்லிஸில் அமர்ந்திருக்கும் நிலை இது. மஜ்லிஸ் பெரிதாகிவிட்டது, மஜ்லிஸின் அதபும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறதா என்பதே நாம் சிந்திக்க வேண்டியதாகும்.

குறிப்பாக ஒரு வினா. பலர் கூடிய சபையில் ஒருவர் பிழையானதொன்றைச் சொல்லிவிட்டால், அதனை அனைவர் முன்னிலையிலும் திருத்துவது கடமையா, குற்றமா? உண்மையைக் காப்பதும் மார்க்கக் கடமை. ஒரு முஃமினின் மானத்தைக் காப்பதும் மார்க்கக் கடமை. இரண்டும் எதிரெதிரே வந்து நிற்குமானால் நாம் எப்பக்கம் நிற்பது?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. நம் ஜமாஅத்தின் குழுவில் ஒரு வெள்ளி இரவு பெரியவர் ஒருவர், நபிமொழி என்று ஒரு செய்தியை அனுப்பினார். அதற்கு ஆதாரமில்லை என்பதை நாம் அறிவோம். உடனே அரபு நூல்களின் பெயர்களை அடுக்கி, இது இட்டுக்கட்டப்பட்டது என்றும், அறியாதவர்கள் மார்க்கத்தில் வாய் திறவாதிருப்பதே நலம் என்றும் எழுதினோம். இளைஞர் பலர் கட்டைவிரல் அடையாளமிட்டுப் பாராட்டினர். பெரியவர் ஒரு சொல்லும் எழுதாமல் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். அதன்பின் பள்ளியில் நம்மைக் கண்டால் ஸலாம் சொல்வார். ஆனால் முன்போல் அருகில் வந்து அமர்வதில்லை. நாம் எழுதிய செய்தி சரியானதே. நாம் செய்த செயல் சரியானதா?

நம் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் பரப்புவது சிறிய பிழையன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களைப் பெயர் சொல்லியே எடைபோட்டனர். இன்னார் நம்பத்தக்கவர், இன்னார் நினைவாற்றல் குன்றியவர் என்று வெளிப்படையாக எழுதி வைத்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் நவவி (ரஹ்) ஆகியோர், ஒருவர் குறையை அவர் இல்லாதபோது பேசுவதற்கு அனுமதியுள்ள ஆறு நிலைகளை எடுத்துக் கூறுகையில், மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். பொய்ச் செய்தி எத்துணைக் கொடியது என்பதை 2018-ஆம் ஆண்டில் நம் நாடே கண்டது. பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் எனக் கைபேசிகளில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டங்கள், குற்றமற்ற மனிதர்களை அடித்துக் கொன்றன. ஆகவே, வாய்மூடி இருப்பது எக்காலத்தும் அதபு ஆகாது.

இனி மறுபக்கம். முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) என்னும் தோழர், தொழுகையின் விதியறியாமல், தும்மியவருக்குத் தொழுகையினூடே துஆச் செய்துவிட்டார். சுற்றியிருந்தோர் அவரை முறைத்தனர். தொடையில் தட்டி அடக்கினர். தொழுகை முடிந்ததும் அண்ணலார் (ஸல்) அவர்கள் அவரைக் கடியவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மக்களின் பேச்சுக்கு இடமில்லை என்பதை எடுத்துரைத்தார்கள், அவ்வளவே. அவர்களினும் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அத்தோழரே பின்னாளில் கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தவறு திருத்தப்பட்டது, மனிதர் முறியவில்லை. ஒருவரிடம் குறை கண்டால் பெயரைச் சுட்டாது, சிலர் இவ்வாறு செய்கின்றார்களே என்று பொதுப்படப் பேசுவதும் அவர்களின் வழக்கமாக இருந்தது.

ஹிஜ்ரி 795-இல் மறைந்த இப்னு ரஜப் அல்ஹன்பலி (ரஹ்) அவர்கள், அறிவுரைக்கும் இழித்துரைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவே தனியொரு சிறு நூல் எழுதினார்கள். கூறும் செய்தி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபாடு கூறுவோனின் நோக்கத்தில் உள்ளது என்பது அவர்கள் காட்டும் தெளிவு. அறிஞரின் பிழையை அதபோடு மறுத்தெழுதுவதை அவர்கள் தடுக்கவில்லை. மறுப்பின் பெயரால் மனிதரை அம்பலப்படுத்துவதையே கண்டித்தார்கள். தனிமையில் சொன்னால் நஸீஹத், பலர் முன் சொன்னால் ஃபளீஹத் என்னும் கருத்து இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வாக்காகவும் வழங்கி வருகிறது.

அப்படியாயின் நம் நோக்கத்தை அளப்பது எங்ஙனம்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் நாவின் ஆபத்துகள் இருபதை விரித்துரைக்கையில், பிறர் பேச்சில் பழுது காணும் வேட்கையின் வேர், தன் மேன்மையைக் காட்டும் ஆசையே என்று உணர்த்துகிறார்கள். இதனைக் கொண்டு நம்மை நாமே சோதித்துப் பார்த்தோம். அப்பெரியவர் தம் பிழையைத் தாமே உணர்ந்து திருத்தியிருந்தால் நாம் மகிழ்ந்திருப்போமா? உள்ளதைச் சொல்வதானால், நம் கல்வியைக் காட்டும் வாய்ப்புப் போயிற்றே என்று ஒரு மூலையில் வருந்தியிருப்போம். நாம் நபிமொழியைக் காக்க எழுந்தோம். எழுந்த வேகத்தில் நம் நஃப்ஸையும் தோளில் ஏற்றிக்கொண்டோம்.

ஆகவே, எதிரெதிரே நின்றவை உண்மையும் மானமும் அல்ல என்பது புலனாகிறது. அவ்விரண்டையும் ஒருங்கே காக்க வழியிருந்தது. நாம்தான் அவ்வழியில் செல்லவில்லை. முதலில் அவருக்குத் தனியே சொல்லியிருக்கலாம். அனுப்பியவரே தம் செய்தியை அனைவர் பார்வையிலிருந்தும் நீக்கிக்கொள்ளும் வசதி இரண்டு நாள் வரை இருக்கிறது. அதற்குள் பலர் படித்துவிட்டனரெனில், இன்னார் அனுப்பியது என்னாமல், இச்செய்தி இன்ன காரணத்தால் ஆதாரமற்றது என்று செய்தியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கலாம். பொய் மறைந்திருக்கும், மனிதர் தலைநிமிர்ந்திருப்பார்.

திண்ணைப் பேச்சு காற்றில் கரைந்துவிடும், எழுத்து நிற்கும். குரலின் கனிவும் முகத்தின் புன்னகையும் எழுத்தில் ஏறா. எனவே, வாயால் சொல்வதைக் காட்டிலும் இருமடங்கு மென்மை எழுத்துக்கு வேண்டும். அவையறிதல் என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் மொழியை உடைய நமக்கு இது புதிய பாடமன்று. கட்டைவிரல் உயர்த்தியோருக்கும் ஒரு சொல் உண்டு: புறம் பேசுவதை ரசித்துக் கேட்பவனும் அப்பாவத்தில் பங்காளி என்று அறிஞர்கள் எழுதியிருக்க, ஒருவர் இழிவுபடுவதை ரசித்துப் பாராட்டுபவன் எப்படித் தப்புவான்?

சில வாரங்கள் கழித்து அப்பெரியவரின் இல்லம் சென்றோம். தேநீர் கொடுத்து உபசரித்தார். நாம் மன்னிப்புக் கேட்டபோது, “நீங்கள் சொன்னது சரிதான் ஹள்ரத். ஆனால் என் பேரப்பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்,” என்று மட்டும் சொன்னார். எத்தனையோ கிதாபுகளை ஓதிய நமக்கு அந்த ஒரு வாக்கியம் பாடமாயிற்று. அடியானின் உரிமையைப் பறித்தால் அவ்வடியானிடமே பொருத்தம் பெற வேண்டும் என்பது சட்டம். பலர் முன் செய்த தவறுக்கு அவர் வீட்டுக்குள் கேட்ட மன்னிப்புப் போதாதென்று உணர்ந்து, அன்றிரவே குழுவிலும், நம் சொல் வரம்பு கடந்தது என்று எழுதினோம். அதற்குக் கட்டைவிரல்கள் மிகுதியாக உயரவில்லை. ஆனால் அடுத்த ஜும்ஆவில் பெரியவர் நம் அருகில் வந்து அமர்ந்தார்.

உண்மையை உரைக்கும் துணிவையும், அதை உரைக்கும் அழகையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஒருசேர அருள்வானாக! ஆமீன்.