கைநாட்டு வைத்தவருக்குக் கணக்கு

“கண்ணிரண்டை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா! மற்ற இடமெல்லாம் தோலை உரித்தாலும் ஏனென்று கேட்க மாட்டேன்!”

பிள்ளையைப் பள்ளியிலே சேர்க்க வந்த தந்தையார், மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாத்தியாரிடம் சொல்லிவந்த சொல் இது. பாட்டன் சொன்னார்; தந்தையும் சொன்னார்; நாம் கேட்டுச் சிரித்தோம். சிரித்தது போதும், தோழர்களே! அந்தச் சொல்லை ஒருமுறை சீர்தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்தாருக்கு அதிகாரம் அத்தனையும், மறுபக்கத்தாருக்கு மௌனம் அத்தனையும் என்று வரையப்பட்ட ஓர் ஒப்பந்தம் அல்லவா அது!

ஒப்பந்தத்திலே பாதியைச் சட்டம் கிழித்தெறிந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனது 17ஆம் பிரிவிலே, குழந்தையை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் வதைப்பதையும் தடை செய்தது. தோலை உரிக்கும் உரிமை ஏட்டளவிலேனும் போயிற்று. ஆனால் மறுபாதி? ‘ஏனென்று கேட்க மாட்டேன்’ என்ற பாதி? அது கிழியவில்லை. கிழிந்ததாக எவரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியிலே நான் கண்ட காட்சி. பருவத் தேர்வு முடிந்த வாரம். நடவு வயலிலிருந்து நேரே வந்த தாய் ஒருத்தி, காலிலே சேறு காயாத நிலையில், வகுப்பறை வாயிற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரும்படி ஆசிரியை அழைத்தார், அவள் வரவில்லை. மதிப்பீட்டு அட்டை நீட்டப்பட்டது, மைப்பெட்டி நீட்டப்பட்டது, கட்டைவிரல் பதிந்தது. “நல்லாப் படிக்குதுங்களா, டீச்சர்?” என்று கேட்டாள். “படிக்கிறாள், பரவாயில்லை” என்றார் ஆசிரியை. அவ்வளவுதான். தமிழுக்கு நேரே ஏ-2 என்றும், கணக்குக்கு நேரே பி-1 என்றும் எழுதியிருந்தது. ஏ-2 என்றால் பிள்ளை கதை படிப்பாளா, கடிதம் எழுதுவாளா? பி-1 என்றால் கூட்டலிலே குறையா, கழித்தலிலே குறையா? அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆசிரியை கெட்டவரா? இல்லை, நல்லவர், உழைப்பவர். ஆகவேதான் இது எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தியாகிறது.

அரைக்காணி நிலத்தை அடகு வைக்கும் பொழுதுகூட, எழுதப் படிக்கத் தெரியாதவர், “எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்” என்று பத்திர எழுத்தரைக் கேட்பார். படித்துக் காட்டக் கேட்டுச் சம்மதித்துக் கைநாட்டு வைத்ததாகப் பத்திரத்திலேயே வாசகம் சேர்ப்பதும் உண்டு. அரைக்காணி நிலத்துக்கு இருக்கிற அந்த மரியாதை, ஐந்தாண்டுக் காலப் பிள்ளையின் படிப்புக்கு இல்லாமற் போனது ஏன்?

“சொன்னால் அவர்களுக்குப் புரியவா போகிறது?” என்று கேட்கிறார்கள், சில நண்பர்கள். கூழுக்கு உப்பு தேடுகிறவளிடம் கற்பிக்கும் முறையைப் பற்றி விரிவுரை ஆற்றுவதா என்று நகைக்கிறார்கள். நான் கேட்கிறேன்: நோயாளி மருத்துவம் பயின்றவரா? பயிலாதவர் என்பதற்காக, ‘வயிற்றிலே என்ன கோளாறு என்பதை உனக்குச் சொல்ல மாட்டேன், மாத்திரையை விழுங்கிவிட்டுப் போ’ என்று விரட்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா? அறிந்தவன் அறியாதவனுக்குக் கணக்குச் சொல்லும் கடமை, அறியாதவனுடைய தகுதியைப் பொறுத்ததன்று. அவன் தன்னுடையதை நம்பி ஒப்படைத்திருக்கிறான் என்ற ஒன்றே அந்தக் கடமையைப் பிறப்பிக்கிறது. புரியும் வண்ணம் சொல்லுவது சொல்பவரின் பொறுப்பு.

புரோகிதர் ஓதுகிறார், பொருள் தெரியாமல் எதிரே அமர்ந்திருப்பவர் தலையாட்டுகிறார். அதைக் கண்டு கொதிக்கிறோம். மேடை போட்டுப் பேசுகிறோம். புரியாத மொழியிலே எதற்கு மந்திரம் என்று கேட்கிறோம். ஏ-2 என்பதும் பி-1 என்பதும் அந்தத் தாய்க்கு மந்திரமன்றி வேறென்ன? கோவிலிலே தலையாட்டுவது மடமை, பள்ளியிலே தலையாட்டுவது மட்டும் பணிவு என்று சொல்லப் பகுத்தறிவு இடந்தருமா?

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நம் நாட்டிலே பெற்றோரைப் பள்ளி அழைத்ததே இல்லையா? அழைத்தது. எதற்காக அழைத்தது என்பதைப் பாருங்கள். 1953இல் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்த பொழுது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டுமே வகுப்பு, எஞ்சிய நேரத்திலே தந்தையின் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்று திட்டம் தீட்டினார். அதிலே தந்தைக்கு ஓர் இடம் தரப்பட்டது: சவரக் கத்தியையும் குயவன் சக்கரத்தையும் மகன் கையிலே கொடுக்கும் இடம்! வேண்டுமா என்று மட்டும் அவனைக் கேட்கவில்லை. கேட்காமலே கொண்டுவந்ததை நாடு கிளர்ந்தெழுந்து எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சியிலே அது கைவிடப்பட்டது. பின்னர் 1958 முதல், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்திய நாளிலே, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் நாற்காலி கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். போற்றத்தக்க பணி, அதிலே ஐயமில்லை. ஆனால், கொடுப்பதற்காகக் கூடிய ஊர், உள்ளே நடப்பதை அறிவதற்காகக் கூடும் பழக்கம் அதன் பிறகும் வேரூன்றவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றவுடன் எத்தனை பேருக்கு நன்கொடை ரசீது மட்டுமே நினைவுக்கு வருகிறது!

சொல்லாமல் விட்டதற்கு நாடு கொடுத்த விலை என்ன? அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று போதும். செயல்வழிக் கற்றல் என்ற முறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது. பிள்ளைகள் தரையிலே பாய் விரித்து வட்டமாக அமர்ந்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். கற்றல் ஏணி ஒன்று; அதிலே படிப்படியாக அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்திலே ஏறலாம். சுவரின் அடியிலே தாழ்வான கரும்பலகை. அதிலே ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஓர் இடம். பிரம்பு பிடித்த கை அட்டை பிடித்தது என்றால் சிறிய மாறுதலா அது?

வீட்டிலே என்ன நடந்தது? பையிலே புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. “பள்ளிக்கூடத்திலே என்னடா செய்தாய்?” என்றால், “அட்டை எடுத்து விளையாடினேன்” என்றான் பையன். பெற்றோர் பதைத்தார்கள். “படிப்பே இல்லையாம், நாள் முழுதும் விளையாட்டாம்!” என்று ஊர் பேசிற்று. கடன் வாங்கியாவது ஆங்கிலப் பள்ளியிலே சேர்ப்போம் என்று கிளம்பியவர்களை நான் அறிவேன். அவர்களை அறிவிலிகள் என்று ஏசிப் பயனில்லை. அந்தக் கற்றல் ஏணி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கக்கூடியது, படக்குறிகளால் ஆனது. “அம்மா, உன் மகள் சென்ற மாதம் இந்தப் படியிலே நின்றாள், இன்று இந்தப் படியிலே நிற்கிறாள்” என்று விரல் வைத்துக் காட்டப் பத்து நிமிடம் போதும். எல்லா ஊரிலும் அந்தப் பத்து நிமிடம் செலவிடப்பட்டிருந்தால், வீண் பேச்சு பாதியாவது குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சட்டம் இதை உணராமலில்லை. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகக் கூட்டி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றதில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது; மனமிருந்தால் செய்யலாம் என்று சொல்லவில்லை. 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்து, அதிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. நல்லது! ஆயினும், காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று அறிவித்துவிட்டு, ஒரு நாள் கூலியை இழந்து வராதவளைப் ‘பிள்ளைமேல் அக்கறையில்லாதவள்’ என்று குறித்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேரும்?

இங்கே ஒரு வினா எழும், எழ வேண்டும். பெற்றோருக்கு எல்லாம் தெரிவிப்பது என்றால், பெற்றோர் விரும்பாததைப் பள்ளி செய்யக்கூடாது என்றாகிவிடாதா? 2018இல், திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியிலே, சத்துணவு சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காக, எங்கள் பிள்ளைகள் அந்தச் சோற்றை உண்ணக் கூடாது என்று தடுத்தவர்களும் பெற்றோரே. பெண் படித்தது போதும் என்று வயது வருமுன்னே நிறுத்துகிறவரும் பெற்றோரே. இவர்களுக்கும் கணக்குச் சொல்வதா?

சொல்ல வேண்டும் என்பதே என் விடை. ஆனால் கணக்குச் சொல்வது வேறு, உத்தரவு கேட்பது வேறு. ‘உங்கள் மகன் இன்னின்னாரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறான், இன்னார் சமைத்ததை உண்கிறான், இனியும் உண்பான்’ என்று தெரிவிப்பது பள்ளியின் கடமை. ‘உண்ணலாமா?’ என்று கேட்பது பள்ளியின் வேலையன்று. காரணம் எளிது: பிள்ளை, பெற்றோரின் உடைமையன்று. நிலத்தைப் போலவோ மாட்டைப் போலவோ அவனை ஒப்படைக்கவில்லை. அவனுக்கும் ஓர் உரிமை உண்டு, நாளைக்கு அவனே கேட்கப்போகும் கேள்விகள் உண்டு. மறைத்துச் செய்த சீர்திருத்தம் வெளிப்படும் நாளிலே பள்ளியின்மேல் பழியாக விழும். வெளிப்படையாகச் சொல்லிச் செய்ததை எதிர்க்க வருகிறவன், தன் காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சாதிக்கு அது எப்போதும் சங்கடமான நிலை!

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. அட்டையிலே குறைந்த எண்ணைக் கண்டவுடன் இடுப்பு வாரைக் கழற்றும் தந்தைகளை நாம் அறிவோம். எண்ணை மட்டும் சொல்லுவது அவர்கள் கையிலே பிரம்பைக் கொடுப்பதாகும். என்ன கற்றான், எதிலே இடறுகிறான், வீட்டிலே என்ன செய்யலாம் என்று சொல்லுவது வேறு. ஆண்டு விழாவிலே பிள்ளைக்கு வேடம் கட்டி ஆடவிட்டுக் கைதட்டல் வாங்குவதை நான் இந்தக் கணக்கிலே சேர்க்கவில்லை.

ஆசிரியர் பக்கத்தையும் பேசியாக வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகள் எத்தனை! காலையிலே வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலியிலே ஏற்றுகிறார்; அது சில நொடியிலே தலைநகருக்குப் போய்ச் சேருகிறது. சத்துணவு எண்ணிக்கை போகிறது, தேர்வு விவரம் போகிறது. செய்தி எல்லாம் மேல்நோக்கியே ஓடுகிறது. பள்ளிக்கு முந்நூறு அடி தூரத்திலே, கூரை வீட்டிலே இருப்பவளுக்கு ஒரு துளியும் வந்து சேரவில்லை. வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். கைப்பேசி, வேலைக்குப் போன கணவன் சட்டைப்பையிலே அல்லவா இருக்கிறது! மேலே அனுப்பும் படிவங்களிலே நாலைக் குறைத்தால், தெருவுக்கு வர ஆசிரியருக்கு மாதம் ஒரு மாலை கிடைக்கும். இதைக் கேட்டு வாங்குவது நம் இளைஞர்களின் வேலை. படிப்பகங்களில் நாளேட்டை உரக்கப் படித்துக் காட்டிப் பெரியவர்களுக்கு நாட்டு நடப்பை உணர்த்திய மரபிலே வந்தவர்கள் நாம். ‘இம்மாதம் மூன்றாம் வகுப்பிலே என்ன பாடம்’ என்று அதே திண்ணையிலே படித்துக் காட்ட நம்மால் ஆகாதா? மேடையிலே முழங்கிவிட்டு வீடு திரும்பும் தோழரே, உம்முடைய மகன் இப்போது எந்தப் பாடத்திலே இருக்கிறான் என்று உமக்குத் தெரியுமா? எனக்கும் ஒருநாள் தெரியாமலிருந்தது, ஆகவே கேட்கிறேன்.

அப்படிப்பட்ட மாலைக் கூட்டம் ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தெருவிளக்கின் அடியிலே, ஒரு சிறுமி 52இலிருந்து 27ஐக் கழித்துக் காட்டினாள். “இரண்டிலே ஏழு போகாது; பக்கத்து ஐந்திடம் கடன் வாங்க வேண்டும்” என்று சொல்லிப் போட்டு, 25 என்று முடித்தாள். எல்லோரும் மகிழ்ந்தார்கள். மூலையிலே குந்தியிருந்த முதியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் கடனிலே உழன்றவர், “அந்தக் கடனை இது எப்பத் திருப்பிக் கொடுக்கும், அம்மா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். திருப்பிக் கொடுக்காத ஒன்றுக்குக் கடன் என்று எப்படிப் பெயர் வந்தது? மறுநாள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினார். அதுவரை தடுமாறிய பிள்ளைகளில் சிலருக்கு அன்று விளங்கிற்று. ‘கடன் வாங்கு’ என்று இப்பொழுது அவர் சொல்வதில்லை. ‘ஒரு கட்டைப் பிரி’ என்கிறார்.